குன்னூர் ஹோம் நர்ஸ் ஏஜென்சி: வேலை சுத்தம், காகிதம் கோளாறு

பெயர் வேண்டாம். குன்னூரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஊட்டி, வெலிங்டன், கோத்தகிரி வரை ஆள் அனுப்பும் ஏஜென்சி. நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் குறை சொல்ல அதிகமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்கள். யூரின் பையை இடுப்புக்குக் கீழேதான் தொங்கவிடுகிறார்கள். சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றாமல் காலில் வைப்பதில்லை. இந்தக் குளிரில் அது சின்ன விஷயமில்லை. சர்க்கரையில் கால் மரத்தவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது.

கோளாறு காகிதத்தில். குடும்பத்துக்கு வரும் பில்லில் 'மேன்பவர் சப்ளை', அதாவது ஆள் வழங்கும் சேவை என்று போட்டு, மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறார்கள். வேலைக்கு வரும் பெண் கையெழுத்துப் போட்ட தாளிலோ அவர் 'சுயதொழில் செய்பவர்'. ஏஜென்சி வெறுமனே அறிமுகம் செய்துவைக்கிறதாம். அப்படியானால் கமிஷனுக்கு மட்டும்தானே ஜி.எஸ்.டி.?

தாளில் என்ன பெயர் போட்டாலும், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார் என்றுதான் கோர்ட் பார்க்கும். 1956-இல் திராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. இங்கே டூட்டி போடுவது ஏஜென்சி, சம்பளத்தை முடிவு செய்து கொடுப்பதும் ஏஜென்சி, லீவு போட்டால் பிடிப்பதும் ஏஜென்சி. சுயதொழில் செய்பவருக்கு ஏது லீவு?

இந்தப் பெயர் மாற்றத்தின் லாபம் எண்ணிக்கையில் இருக்கிறது. சுயதொழில் என்று போட்டுவிட்டால் அவரை ஏஜென்சியின் ஆளாகக் கணக்கில் காட்ட வேண்டாம். 20 பேர் வேலை செய்தால் பி.எஃப்., 10 பேர் என்றால் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. வந்துவிடும். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800. நிர்வாகக் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்தால் 1,950. ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 488. ஆளுக்கு மாதம் 2,438 ரூபாய் மிச்சம். நஷ்டம் யாருக்கு என்றால், பாத்ரூமில் நோயாளியைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து கை ஒடித்துக்கொள்ளும் பெண்ணுக்கு. ஈ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இல்லாவிட்டால் குடும்பமும் ஏஜென்சியும் ஒருவரையொருவர் கைகாட்டுவதுதான் மிஞ்சும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ரிலீவர், அதாவது மாற்று ஆள், நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. ராத்திரி டூட்டி பார்த்தவரே பகலும் பார்க்கிறார். குடும்பத்திடம் இரண்டு ஷிஃப்டுக்கும் காசு வாங்கிவிடுகிறார்கள். அவருக்கு ஓவர்டைம் கிடையாது. கேட்டால் சுயதொழில்.

ஆள் எடுக்குமுன் அவருடைய நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணையும் கேளுங்கள், ஆனால் எண்ணைக் காட்டியதும் திருப்தியாகிவிடாதீர்கள். இ-ஷ்ரம் அட்டையிலும் யூ.ஏ.என். என்றே 12 இலக்க எண் இருக்கும், பி.எஃப். எண்ணும் 12 இலக்கம். முதலாவது அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு, அதில் ஒரு பைசா சேராது. அதைக் காட்டியே 'பி.எஃப். இருக்கு சார்' என்று சொல்லிவிட முடியும். உமங் செயலியில் அவரையே பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

ஏஜென்சியைத் தவிர்த்து நேரடியாக வைத்துக்கொண்டால் ஜி.எஸ்.டி. மிச்சம்தான். ஆனால் ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் வீட்டுக்கு பி.எஃப். சட்டம் பொருந்தாது, ரிலீவரும் கிடைக்கமாட்டார். வீட்டு வேலையும் சேர்த்துப் பார்ப்பவர் என்றால், 2007-இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதியச் சொல்லலாம்.

சேவைக்கு ஐந்துக்கு நான்கு. காகிதத்துக்கு ஒன்று, அதுவும் கேட்டவுடன் ஒப்பந்த நகலைத் தந்ததற்காக.