கல்லாறு சாவடியும் இரண்டு கொல்லிகளும்: இயற்கைக் கொல்லி செல்லா, கொல்லி டி செல்லா?

குன்னூரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் எடுக்கிறேன். நோய்த்தடைக்காப்புப் பாடம் வந்தால் ஆண்டுதோறும் ஒரே கேள்விதான் வரும். இந்த முறை கேட்டது டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுபவரின் மகள்.

"சார், வைரஸ் புகுந்த செல்லை இயற்கைக் கொல்லி செல்லும் கொல்லுது, கொல்லி டி செல்லும் கொல்லுது. ஆயுதம்கூட ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு சார் ரெண்டு?"

"அது இருக்கட்டும்மா. கல்லாறு சாவடியில வண்டிய எதுக்கெல்லாம் நிறுத்துறாங்க?"

"இ-பாஸுக்கு சார். அப்பா வண்டி டிஎன் 43, அதனால விட்டுருவாங்க. ஆனா பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு உள்ள பாப்பாங்க."

2024 மே மாதம் இ-பாஸ் வந்த பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலையேறும் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. சாவடியில் நடப்பது இரண்டு தனித்தனிச் சோதனைகள். முதலாவது, வண்டி நம்மூருடையதா என்று பார்ப்பது. டிஎன் 43 என்றால் நீலகிரி வண்டி; நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே போதும். இரண்டாவது, உள்ளே இன்ன பொருள் இருக்கிறதா என்று துழாவுவது. நம் கொல்லிகள் இரண்டும் வெள்ளையணுக்கள்தான். முதல் சோதனையைச் செய்வது இயற்கைக் கொல்லி. இரண்டாவதைச் செய்வது டி செல்.

நம் உடம்பில் கருவுள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே எம்ஹெச்சி முதல் வகை என்ற புரதத்தை மேலே மாட்டிக்கொண்டு திரிகின்றன. அதுதான் டிஎன் 43. ஆனால் அது வெறும் பிளேட் இல்லை, சின்னக் கண்ணாடிப் பெட்டியும்கூட. செல்லுக்குள் தயாராகும் புரதங்களைப் புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரம் நறுக்குகிறது. எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகள் அந்தப் பெட்டியில் ஏறி வெளியே காட்சிக்கு வருகின்றன. உள்ளே வைரஸ் புரதம் தயாரானால் அதன் துண்டும் வந்தாக வேண்டும். இயற்கைக் கொல்லி பார்ப்பது பெட்டி இருக்கிறதா என்று. டி செல் பார்ப்பது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று.

வேகத்தில் இயற்கைக் கொல்லியை அடிக்க ஆளில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டாம். துகள்களில் நஞ்சை நிரப்பிக்கொண்டு தயாராகவே சுற்றுகிறது. தொற்று வந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைச் சுரப்பை விட்டதும் சில மணி நேரத்தில் சூடாகிவிடும். எதிரில் உள்ள செல்லில் எம்ஹெச்சி குறைந்திருந்தால், கூடவே அவஸ்தைக் குறிகளும் தெரிந்தால், அடி விழும். பிளேட் இல்லாததையே குற்றமாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கணக்கை 1980களில் முன்வைத்தவர் ஸ்வீடனின் கிளாஸ் கார். எளிமைதான் இதன் பலம், பலவீனமும் அதுவே. பிளேட் ஒழுங்காக இருக்கிற வண்டியில் ஒரு மூட்டை சரக்கு இருந்தாலும் சலாம் போட்டு அனுப்பிவிட வாய்ப்புண்டு.

டி செல் அப்படியில்லை. அதன் ஏற்பி மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கி உருவாவது. அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துண்டைத்தான் அடையாளம் காணும். புதிதாக வந்த ஒரு வைரஸின் குறிப்பிட்ட துண்டை அறியக்கூடிய செல், லட்சத்தில் ஒன்று இருந்தாலே அதிகம். அதுவும் யாருடைய பெட்டியில் இருந்தாலும் அறியாது. தன் உடம்பின் பெட்டியில் இருந்தால்தான். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் சுண்டெலிகளில் கண்டது இதைத்தான். ஒரு வகை எலியின் கொல்லிகள், அதே வைரஸ் புகுந்த வேறு வகை எலியின் செல்களைத் தொடவே இல்லை. 1974இல் வெளியான முடிவுக்கு 1996இல் நோபல் கிடைத்தது. டோஹர்ட்டி கால்நடை மருத்துவம் படித்தவர் என்பதை வகுப்பில் சொல்ல மறக்கமாட்டேன். நீட் ஒன்றே கதி என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் காற்று.

மாணவர்கள் வியந்து படிப்பது கொல்லும் காட்சியை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கொல்ல அனுமதி வாங்க டி செல் படும் பாடு.

புதிய டி செல் நேராகக் களத்துக்குப் போவதில்லை. நிணநீர் முடிச்சுகளில் சுற்றிக்கொண்டிருக்கும். தொற்று நடந்த இடத்திலிருந்து டெண்ட்ரைட்டிக் செல் என்ற காவல் செல் சரக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே வரவேண்டும். தொண்டை புண்ணானால் "கழுத்துல நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறிக்குள்தான் இந்த விசாரணை. டெண்ட்ரைட்டிக் செல் தன் பெட்டியில் வைரஸ் துண்டைக் காட்டுகிறது. டி செல்லின் ஏற்பி பொருந்தினால் முதல் கையெழுத்து. அது மட்டும் போதாது. டெண்ட்ரைட்டிக் செல்லின் மேல் பி7 என்ற மூலக்கூறு ஏறியிருக்க வேண்டும். அது டி செல்லின் சிடி28ஐப் பிடித்தால் இரண்டாவது கையெழுத்து. உண்மையான ஆபத்தை உணர்ந்த டெண்ட்ரைட்டிக் செல்தான் பி7ஐ நிறைய ஏற்றும். மூன்றாவது, இன்டர்லூகின் 12 போன்ற சுரப்புகள். பல தொற்றுகளில் இன்னொரு சிபாரிசும் வேண்டும்: இன்னொரு வகை டி செல்லான உதவி டி செல் வந்து டெண்ட்ரைட்டிக் செல்லைத் தட்டி எழுப்பவேண்டும்.

முதல் கையெழுத்து மட்டும் விழுந்து இரண்டாவது விழாவிட்டால் என்ன ஆகும்? டி செல் முடங்கிப்போகும். பிறகு அதே துண்டைப் பார்த்தாலும் எழாது. தாலுகா ஆபீஸை நினைவுபடுத்தினாலும் இதில் காரணமிருக்கிறது. நம் சொந்தப் புரதத் துண்டைத் தப்பாகப் பிடிக்கும் டி செல்களில் சில, அவை பக்குவப்படும் சுரப்பியான தைமஸின் வடிகட்டலையும் மீறி வெளியே வந்துவிடும். ஆபத்தில்லாத நேரத்தில் அவை சொந்தச் சரக்கைச் சந்தித்தால், இப்படித்தான் அடங்குகின்றன.

மூன்றும் சேர்ந்தால் அந்த ஒற்றைச் செல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பிரிந்து, ஆயிரக்கணக்கில் பெருகும். எலிகளில் ஏழெட்டு நாளில் உச்சம். வேலை முடிந்ததும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போகும். மிஞ்சியவை நினைவுச் செல்களாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அந்த முதல் வாரத்தை ஓட்டித் தருவதே இயற்கைக் கொல்லியின் பெரிய பங்கு. மாணவியின் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது.

இப்படி உரிமம் பெற்ற டி செல்லுக்கு அதன்பின் இரண்டாவது கையெழுத்து எதுவும் வேண்டாம். வைரஸ் துண்டைப் பார்த்தால் போதும், ஒட்டிக்கொள்ளும். நஞ்சுத் துகள்கள் ஒட்டிய பக்கமாக நகர்ந்து அந்த இடுக்குக்குள் கொட்டும். கால்சியத்தின் துணையோடு பெர்ஃபோரின் எதிர்ச்செல்லின் சவ்வில் துளையிடும். அதன் வழியே நுழையும் கிரான்சைம் என்ற நொதி, சாவை நடத்தும் நொதிகளான காஸ்பேஸ்களை அறுத்து முடுக்கிவிட்டு, அந்தச் செல் தன்னைத் தானே ஒடுக்கிச் சாகும்படி செய்துவிடும். வெடித்துச் சிதறினால் உள்ளிருக்கும் வைரஸ் ஊரெல்லாம் பரவுமே. சுருங்கிச் சாவதால் பொறுக்கித் தின்னும் செல்கள் விழுங்கிவிடும். கொல்லியோ சில நிமிடங்களில் கழன்று அடுத்ததைத் தேடிப் போய்விடும். இயற்கைக் கொல்லியும் இதே பெர்ஃபோரினையும் கிரான்சைமையும்தான் வீசுகிறது. மாணவி சொன்னது சரி.

டி செல்லிடம் இன்னொரு வழியும் உண்டு: தன் மேலுள்ள ஃபாஸ் லிகண்டால் எதிர்ச்செல்லின் ஃபாஸ் ஏற்பியைத் தொட்டுச் சாவை ஏவுவது. இரண்டில் எது மேல்? என் கணிப்பில் போருக்கு பெர்ஃபோரின், வீட்டு ஒழுங்குக்கு ஃபாஸ். பெர்ஃபோரின் நீக்கப்பட்ட எலிகளால், கான்பெரா சோதனையில் பயன்படுத்திய அதே வைரஸை ஒழிக்க முடியவில்லை என்று 1994இல் காட்டினார்கள். பெர்ஃபோரின் மரபணு பழுதான குழந்தைகளுக்கு வரும் நோய் கொடியது: கொல்லிகள் எதிரியைப் பிடிக்கும், கொல்ல முடியாமல் ஒட்டிக்கொண்டே சுரப்புகளைக் கொட்டும், உடம்பே அழற்சியில் எரியும். ஃபாஸ் பழுதானவர்களுக்கு நிணநீர் முடிச்சும் மண்ணீரலும் வீங்கும். வேலை முடிந்த, டி செல் போன்ற சொந்த லிம்ஃபோசைட்டுகள் சாகாமல் குவிவதே காரணம்.

"வைரஸ் பிளேட்டையே கழட்டிட்டா சார்?" என்றான் பின்பெஞ்சு ஒருவன்.

சைட்டோமெகலோ வைரஸ் செய்வது அதையேதான். எம்ஹெச்சியை உள்ளேயே மடக்கி, அதே புரோட்டியசோமில் தள்ளி அரைக்கிறது. டி செல்லுக்குக் கண்ணாடிப் பெட்டியே தெரியாது. ஆனால் பிளேட் இல்லாத வண்டி இயற்கைக் கொல்லியிடம் மாட்டும். இதற்கும் வைரஸிடம் வழி இருக்கிறது: எம்ஹெச்சி போலத் தோற்றமளிக்கும் ஒரு புரதத்தை மாட்டுகிறது. அசல் போலி நம்பர் பிளேட்! எச்ஐவி இன்னும் நுணுக்கம். அதன் நெஃப் புரதம், மனித எம்ஹெச்சியான ஹெச்எல்ஏவில் டி செல்கள் பெரிதும் நம்பும் ஏ, பி வகைகளைக் கீழிறக்கிவிட்டு, இயற்கைக் கொல்லி பார்க்கும் சி வகையை விட்டுவைக்கிறது. ஒரே சோதனை இருந்திருந்தால் வைரஸ்களுக்கு வேலை எவ்வளவு சுலபம்!

அப்படியானால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால்? நான் டி செல்லை எடுப்பேன், அந்த ஒரு வாரத் தாமதத்தோடு. பார்த்த முகத்தை ஆண்டுக்கணக்கில் மறக்காமல் இருப்பதற்காக. சக ஆசிரியர் ஒருவர் ஒப்பவில்லை. முதல் மூன்று நாள் பிழைத்தால்தானே பிறகு நினைவெல்லாம் என்கிறார். அதுவும் நியாயம்தான்.

குன்னூரில் இருந்துகொண்டு வெறிநாய்க் கடியைப் பேசாமல் விட முடியாது; 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அந்த வைரஸ் விஷயத்தில் இந்த இரண்டு கொல்லிகளையும் நம்பிப் பயனில்லை. அது நரம்புச் செல்லுக்குள் ஏறிப் பயணிக்கிறது. நரம்புச் செல்கள் எம்ஹெச்சியை மிகக் குறைவாகவே காட்டும். காட்டினாலும் அவற்றைக் கொன்று குவித்தால் மறுபடி முளைக்காது. அதனால் வைரஸ் நரம்பில் ஏறுமுன் எதிர்ப்பொருள் அதை மடக்கவேண்டும். செல்லுக்குள் பெருக முடியாத, செத்த வைரஸைக் கொண்ட தடுப்பூசி கொல்லி டி செல்லைப் பெரிதாக எழுப்பாது. எதிர்ப்பொருளை நன்றாகவே எழுப்பும். இங்கே வேண்டியதும் அதுதான். கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்வதும், தாமதிக்காமல் ஊசி போடச் சொல்வதும், தோலைக் கிழித்த கடிக்குக் காயத்திலேயே எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்துவதும் இந்தப் பந்தயத்துக்காகத்தான்.

தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்று பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளையில் வளர்த்த பழைய தடுப்பூசி. அதில் வைரஸோடு நரம்பை மூடும் மயலினும் கலந்திருந்தது. ஆபத்துச் சமிக்ஞையும் மயலின் துண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததால், சிலருடைய டி செல்களுக்கு முதல் கையெழுத்தும் இரண்டாவதும் சொந்த நரம்புக்கு எதிராகவே விழுந்தன. பக்கவாதம் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். செல் வளர்ப்பில் தயாராகும் இன்றைய ஊசியில் அந்த மயலின் இல்லை. ஊசியும் தோளில்தான்.