வீட்டு ஸ்டீம் பாத் கூடாரம் வாங்கப் போறீங்களா? 4,850 ரூபாய் போச்சு, படிச்சிட்டுப் போங்க

தர்மபுரி டவுனில் நாட்டு மருந்துச் சாமானோடு மசாஜ் மெஷினும் விற்கிற ஒரு கடை. பேர் போடல. "வீட்டிலேயே வேது பிடிக்கலாம்"னு சொல்லி ஜிப் வைத்த துணிக் கூடாரம், 2 லிட்டர் ஸ்டீமர், குழாய், மூலிகைப் பொடி பாக்கெட் எல்லாத்துக்கும் சேர்த்து 4,850 ரூபாய் வாங்கினாங்க.

நம்ப வைத்த விதம்தான் வயிற்றெரிச்சல். ஷோவுக்கு வைத்திருந்த பீஸில் பச்சை நொச்சித் தழையை உருவிப் போட்டு கடைக்காரரே ஓட்டிக் காட்டினார். ரெண்டே நிமிஷத்தில் கூடாரம் முழுக்க ஆவி. உள்ளே ஏற்கெனவே சுடுதண்ணி இருந்ததைச் சொல்லல. "இதே மாடல்தாண்ணா, சீல் பிரிக்காத டப்பா தர்றேன்." டப்பா மேல 1000 வாட்னு ஸ்டிக்கர்.

1000 வாட்டுன்னா 2 லிட்டர் தண்ணி பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கொதிக்கணும். இதுக்கு அரை மணி நேரம் ஆகுது. வீட்டில் மற்ற எல்லாத்தையும் அணைச்சுட்டு ஈ.பி. மீட்டரில் சிமிட்டுற சிவப்பு விளக்கை எண்ணினா குட்டு உடைஞ்சிடும். மீட்டரில் 3200 இம்ப்னு (ஒரு யூனிட் கரண்டுக்கு 3200 சிமிட்டல்) போட்டிருந்தா, 1000 வாட்டுக்கு நிமிஷத்துக்கு 53 தடவை சிமிட்டணும். இங்கே 24. அதாவது வெறும் 450 வாட். அதிலிருந்து நிமிஷத்துக்கு 12 மில்லி தண்ணிகூட முழுசா ஆவியாகாது. அதுவும் தையல் வழியா வெளியே போயிடும். உள்ளே உட்கார்ந்தா வேர்க்காது, புழுங்கும்.

அதைவிட மோசம் மூடி. ஆவி விடுற வால்வே இல்லை. பொடியை நேரா தண்ணியில் கொட்டச் சொல்லி செய்முறைத் தாளில் அச்சடிச்சிருக்காங்க. பொடி களியாகிக் குழாய் வாயை அடைச்சு, மூடி எகிறிடுச்சு. முகம் பக்கத்தில் இருந்திருந்தா? பிளக்கும் ரெண்டு பின், எர்த் கிடையாது.

கேட்டா, "உங்க ஊர்த் தண்ணி உப்புண்ணா, அதான்." நம்ம பக்கத்து போர் தண்ணி காயிலில் வெள்ளையாப் படியும், வாஸ்தவம். புது மெஷினில் முதல் ஓட்டத்திலேயா? படிஞ்சாலும் சூடு ஏற நேரமாகுமே தவிர வாட் பாதியாகாது. அப்புறம் "ஓனர் ஓசூர் போயிருக்கார்." அப்புறம் "கம்பெனிக்கு அனுப்பணும், கூரியர் செலவு உங்களுது." கடைசியா "விற்ற சாமான் வாபஸ் இல்ல, பில்லுலயே இருக்கே." பில்லாம் பில்லு! 4,850னு கிறுக்கின துண்டுச்சீட்டு அது, ஜிஎஸ்டி நம்பர்கூட இல்லை.

விவரமா எழுத நினைச்சேன், கை ஓடல. சுருக்கமா: மூணு பின் பிளக், மூடியில் வால்வு ரெண்டும் இல்லாம வாங்காதீங்க. பச்சைத் தண்ணி ஊத்தி, உங்க டப்பாவையே பிரிச்சு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. இலையை மெல்லிய துணியில் முடிஞ்சு ஆவி வர்ற வழியில் வைங்க, தண்ணிக்குள்ள வேண்டாம். குழாய் நுனி காலில் படக்கூடாது. பத்து நிமிஷம் போதும். பிரஷர், இதயக் கோளாறு இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காம உட்காராதீங்க.

ஏற்கெனவே ஏமாந்தவங்க நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்க. துண்டுச்சீட்டா இருந்தாலும் கிழிச்சுப் போட்டுடாதீங்க, ஸ்டிக்கரோட டப்பாவையும் போட்டோ எடுத்து வைங்க.