எல்லை ஆண்டா, நான்கு இலக்கமா? பழைய கிளிப்பர் கணக்குக்கு எது சரி

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு இன்னமும் கிளிப்பர் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய, விண்டோஸுக்கு முந்தைய டொஸ் மென்பொருளில்தான் ஓடுகிறது. 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்பதால் டொஸைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்ற மென்பொருளுக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் ஆண்டு இரண்டு இலக்கமாகத்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டை எப்படியோ தாண்டிவிட்டார்கள். இப்போது தலைகாட்டுவது 2030. 2025இல் போட்ட ஐந்தாண்டு நிலையான வைப்புக்கு முதிர்வு ஆண்டு '30'. மென்பொருள் அதை 1930 என்று எடுத்துக்கொண்டு, முதிர்ந்து 95 வருடமாகிவிட்டது என்கிறது.

இரண்டு இலக்க ஆண்டு எந்த நூற்றாண்டு என்று மென்பொருள் பிரிக்கும் கோடுதான் எல்லை ஆண்டு: அது 1930 என்றால் '30' முதல் '99' வரை 1900கள், '00' முதல் '29' வரை 2000கள். திருத்தும் வேலை என்னிடம் வந்தது. எல்லை ஆண்டைத் தள்ளி வைக்கலாம், அல்லது தரவையே நான்கு இலக்கமாக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன்.

முதலாவது சுகமான வழி என்பதில் சந்தேகமில்லை. 'செட் எபோக் டு 1930' என்ற வரியை 1950 ஆக்கி மறுபடி கம்பைல் செய்தால் போதும், கோப்பைத் தொடவே வேண்டாம். ஆனால் 1946இல் பிறந்த ஆச்சி ஒருவர் அங்கத்தவராக இருந்தால், அவர் 2046இல்தான் பிறப்பார். பிறந்த திகதிக்கு ஓர் எல்லை, முதிர்வுக்கு வேறோர் எல்லை என்று மாற்றி மாற்றியும் வைக்கலாம். ஒவ்வொரு அறிக்கையிலும் மறக்காமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'மறக்காமல்' என்பதுதான் எனக்குப் பிரச்சினை. கிளிப்பர் தரவை வைக்கும் டிபிஎஃப் கோப்பில் திகதிக்கென்றே உள்ள புலம் (ஒரு விவரத்துக்கான கட்டம்) ஆரம்பத்திலிருந்தே ஆண்டை நான்கு இலக்கமாகத்தான் சேமிக்கிறது. அதில் நூற்றாண்டு பதிவு செய்யும்போதே ஒருமுறை தீர்மானமாகிவிடும். இங்கே எழுதியவர் திகதியை '14/03/30' என்று வெறும் எழுத்துப் புலத்தில் வைத்துவிட்டார். அதனால் நூற்றாண்டு கோப்பில் இல்லை, நிரலில் இருக்கிறது. வாசிக்கிற ஒவ்வொரு அறிக்கையும் அதைப் புதிதாக ஊகிக்கிறது. பொருளாளர் மாறுவார், நானும் எப்போதும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அந்த ஒரு வரியின் அர்த்தம் யாருக்கு ஞாபகமிருக்கும்? கோப்பை வெளியே எடுத்தால் இன்னும் மோசம்: '45' என்பதை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 2045 என்கிறது, எக்செல் கணினியின் அமைப்பைப் பொறுத்து 1945 என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, மாற்றுவது எப்படி? பழைய புலத்தை அழிக்காமல் பக்கத்தில் ஒரு திகதிப் புலம் சேர்த்தேன். முதிர்வை, வைப்புத் தொடங்கிய திகதியோடு காலத்தைக் கூட்டிச் சரிபார்க்கலாம். பிறந்த திகதிக்குக் கைகொடுத்தது தேசிய அடையாள அட்டை. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய இலக்கம் என்றால் ஆள் 1900களில் பிறந்தவர்தான். 2016இல் வந்த 12 இலக்கத்தில் ஆண்டு முழுமையாகவே இருக்கிறது. பழைய இலக்கம் 46561 என்று தொடங்கினால் 1946, பெண் (அவர்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்படும்), 61ஆம் நாள். அந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே மார்ச் 1. அட்டை இல்லாத சிறுவர் கணக்குகளுக்குத் தொடங்கிய திகதியே போதும். அதற்கு முந்தைய 18 வருடத்துக்குள் பிறந்திருக்க வேண்டும்.

செலவும் இருக்கிறது. திரைகளையும் நிரலையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பாஸ் புத்தகத்தின் அச்சுக் கட்டத்தில் பத்து எழுத்து அடங்காததால் அச்சில் மட்டும் 'செட் செஞ்சுரி ஓஃப்' என்று இரண்டு இலக்கத்தையே விட்டேன். இங்கே ஒரே கணினி. பல கணினிகள் ஒரே கோப்பைத் திறக்கும் இடத்தில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை.

வருடத்துக்குள் கடையை மூடிப் புதியதுக்குப் போகிறவர்கள் எல்லை ஆண்டோடு நிற்கலாம், தப்பில்லை. மூலநிரல் தொலைந்துபோனவர்களுக்கு இரண்டுமே கைகூடாது. எல்லாத் திகதியையும் 28 வருடம் பின்தள்ளி ஓட்டும் பழைய வித்தை ஒன்று உண்டு. கிழமை பொருந்தும், ஆனால் ரசீதில் 2025க்குப் பதில் 1997 விழும். அதைவிட டிபிஎஃப் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்குப் போவது மேல், ஆண்டை நான்கு இலக்கமாக்கிய பிறகு.