ஆறு கிழமையில் லெவல் 3 கேர் டிப்ளோமா என்றால் காசு கட்டாதீங்க

640 பவுண்ஸ் போய்விட்டது. இன்று காலைதான் உறுதியாகத் தெரிந்தது, சூடு ஆறுமுன் எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் (முதியோர், இயலாதோர் பராமரிப்பு) படிப்பை ஆன்லைனில் விற்கும் தளம் ஒன்று. பெயர் வேண்டாம், இந்த வகையில் நிறைய இருக்கு.

விளம்பரம்: "லெவல் 3, வேலை அனுபவம் தேவையில்லை, ஆறு கிழமை." உண்மையான லெவல் 3 அடல்ட் கேர் டிப்ளோமா 58 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலம், மொத்தம் 580. ஆறு கிழமையில் முடிக்க ஞாயிறும் சேர்த்து நாளுக்குப் பதினாலு மணித்தியாலம் இருக்க வேணும்! அதைவிட, நீங்கள் ஆட்களைப் பராமரிப்பதை அசெஸர் (மதிப்பிடுபவர்) வேலையிடத்தில் பார்த்துத்தான் பாஸ் போடுவார். வேலையோ பிளேஸ்மென்ட்டோ (பயிற்சிக்கு ஓர் இடமோ) இல்லாமல் அது நடக்காது.

நம்ப வைத்தது எது தெரியுமா? போனில் கதைத்தவர் தமிழ். "அக்கா, ஆஃப்குவால் அங்கீகாரம் இருக்கு, நம்பரைப் போட்டுப் பாருங்கோ" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆஃப்குவால் என்பது இங்கிலாந்தில் படிப்புத் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பு. அதன் பதிவேட்டில் தேடினால் நம்பர் உண்மையாகவே வந்தது. அங்கேதான் நான் விழுந்தது. அப்படி ஒரு படிப்பு இருக்கு என்பதை மட்டும்தான் அந்த நம்பர் காட்டும். அதைப் படிப்பிக்க இவர்களுக்கு அனுமதி இருக்கா என்பதைச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பிடம்தான் கேட்க வேணும். கேட்டபோது, அப்படி ஒரு சென்டரே தங்களிடம் இல்லை என்றார்கள். அது காசு கட்டிய பிறகு.

640 பவுண்ஸுக்கு வந்தது பிடிஎஃப் பாடங்கள், சரியானதைத் தெரிவு செய்யும் கேள்விகள், கடைசியில் ஒரு சிபிடி சான்றிதழ். அது ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள் அறிவைப் புதுப்பிக்கிற துண்டு, டிப்ளோமா இல்லை. கூடவே, கேர் வேலைக்குப் புதிதாக வருபவர்களின் அடிப்படைப் பயிற்சியான "கேர் சர்டிஃபிகேட்" என்றும் ஒன்று; செய்முறையை வேலையிடத்தில் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் அது செல்லாது. "டிபிஎஸ் (குற்றப் பதிவுச் சோதனை) இலவசம்" என்றதும் பேசிக், அடிப்படை டிபிஎஸ். கேர் ஹோம்கள் கேட்பது என்ஹான்ஸ்டு, அதாவது விரிவானது.

முறையிட்டு நான் எழுதிய முதல் மெயிலுக்குப் பதில்: "டியூட்டர் தொடர்புகொள்வார்." இரண்டாவதுக்கு: "பாடத்தைத் திறந்துவிட்டீர்கள், 14 நாள் ரத்து உரிமை போய்விட்டது." சின்ன எழுத்தில் டிக் போட வைத்த பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. தமிழில் கதைத்தவரின் போனும் வேலை செய்யவில்லை.

என்ன பார்க்க வேணும் என்று விரிவாக எழுத இருந்தேன், இப்போது முடியாது. அவசரமாக இவ்வளவும்: அசெஸர் எங்கே, எத்தனை தரம் வந்து பார்ப்பார் என்று எழுத்தில் கேளுங்கள். பேங்க் டிரான்ஸ்ஃபருக்குப் பத்து வீதம் கழிவு என்றால் ஓடுங்கள். கிரெடிட் கார்டில் 100 பவுண்ஸுக்கு மேல் கட்டியிருந்தால் செக்‌ஷன் 75 என்ற சட்டப்பிரிவின்படி கார்டு கம்பனியிடம் காசைத் திருப்பிக் கேட்டிருக்கலாம், நான் கழிவுக்கு ஆசைப்பட்டேன். ஏற்கனவே கேர் வேலையில் இருப்பவர்கள் முதலில் மேனேஜரிடம் கேளுங்கள், அரச நிதியில் படிப்பிக்க வழி இருக்கு. வேலை இல்லாதவர்கள் உள்ளூர் காலேஜில் கேளுங்கள்.