தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு உணவகத்தில் முன்பணம் கட்டுவோர் கவனத்துக்கு

நன்றி தெரிவிக்கும் நாளான தேங்க்ஸ்கிவிங், அதாவது நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, நெருங்கும்போது, வீட்டில் சமைப்பதா, வெளியே போய்ச் சாப்பிடுவதா என்ற பேச்சு அமெரிக்காவில் வாழும் நம்மவர் வீடுகளில் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. வெளியே போவதென்று முடிவெடுத்து, தலைக்கு இவ்வளவு என்று முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் உணவகத்தில் பதிவு செய்யப் போகிறவர்கள், அதிலும் சைவ உணவு மட்டுமே உண்ணும் பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுமென்று எழுதுகிறேன். 2024 நவம்பர் 28 அன்று நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் உள்ள ஓர் உணவகத்தில் எங்கள் குடும்பத்தார் ஒன்பது பேருக்கு 892 டாலர் 45 சென்ட் செலுத்தினோம். அந்தப் பணத்துக்கு எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும், அதில் எவ்வளவு திரும்ப வந்தது என்பதையும் உள்ளபடி சொல்கிறேன். இதே முறையில் விருந்து நடத்தும் இடங்கள் பல இருப்பதால், அந்த உணவகத்தின் பெயரைவிட அவர்கள் கையாளும் முறையைத் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

அந்த ஆண்டு என் மாமனாரும் மாமியாரும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். வர்ஜீனியாவிலிருந்து என் தங்கை குடும்பமும் வருவதாக இருந்தது. பெரியவர்கள் இருவரும் முட்டைகூடத் தொடாதவர்கள். பிள்ளைகளுக்கோ பள்ளியில் எல்லாரும் பேசும் வான்கோழி வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஓவன். உறைந்த வான்கோழியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளக்குவதற்கு ஒவ்வொரு நான்கு, ஐந்து பவுண்டுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 16 பவுண்டுப் பறவை ஏறக்குறைய நான்கு நாள் பெட்டியை அடைத்துக்கொள்ளும். பிறகு 325 பாரன்ஹீட்டில் நான்கு மணி நேரம் ஓவனையும் அடைத்துக்கொள்ளும். சைவச் சமையலுக்கு ஓவனும் பாத்திரமும் தனியாக ஒதுக்க வழியில்லை என்பதால்தான் வெளியே போகலாம் என்று மனைவியும் நானும் முடிவு செய்தோம்; செலவு கூடும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு அது.

உணவகத்தின் இணையப் பக்கத்தில் பெரியவர்களுக்கு 85 டாலர், குழந்தைகளுக்கு 40 டாலர் என்று போட்டிருந்தார்கள். முழு வான்கோழியை மேசைக்கே கொண்டுவந்து அறுத்துப் பரிமாறுவது போன்ற படமும், பக்க உணவுகளை வேண்டிய அளவு மறுபடியும் கேட்டு வாங்கலாம் என்ற வாக்கியமும் அங்கே இருந்தன. என் மனைவி அந்தப் பக்கத்தை அப்படியே கைப்பேசியில் படமெடுத்து வைத்தாள். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு படம்தான். தொலைபேசியில் பேசியபோது, இருவருக்கு இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று தெளிவாகச் சொன்னோம். ஏகார்ன் என்ற சிறு பூசணிக்குள் ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுக் கலவை) வைத்துச் சுட்ட சைவத் தட்டு உண்டு, இனிப்புக்குப் பதில் பழம் தருவோம் என்று பதில் வந்தது. அதையே மின்னஞ்சலிலும் உறுதி செய்தார்கள். அதன் பிறகே 675 டாலரையும் கட்டினோம். அந்தத் தொகை திரும்பத் தரப்படாது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது.

எங்களுக்குக் குறிக்கப்பட்ட நேரம் மாலை நான்கு மணி. முன்கூடத்தில் எங்களைப் போல ஏழெட்டுக் குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. மேசை கிடைத்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. உட்கார்ந்ததுமே, ஒரு மேசைக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்றும், அது நாங்கள் உட்கார்ந்த நேரத்திலிருந்து அல்ல, பதிவு செய்த நேரத்திலிருந்தே கணக்கிடப்படும் என்றும் சொன்னார்கள். அதாவது அவர்கள் எங்களை நிற்கவைத்த நேரமும் எங்கள் கணக்கில்தான் சேரும். எங்கள் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் இந்த நிபந்தனை எங்குமே இல்லை.

முழு வான்கோழி வரவில்லை. எப்போதோ அறுத்து வைத்த நெஞ்சுப்பகுதித் துண்டுகள், ஓரம் காய்ந்து, நடுவில் ஆறிப்போய், ஆளுக்கு மூன்று என்று தட்டில் வந்தன. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் இறைச்சியை முன்கூட்டியே வாட்டி, அறுத்து, சூட்டு விளக்கின் கீழ் வைத்திருப்பது வழக்கம்தான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் 165 பாரன்ஹீட்டுக்கு வெந்த இறைச்சியைப் பரிமாறும்வரை 140 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது வேளாண் துறையின் அறிவுரை. எங்களுக்கு வந்ததோ கையால் தொட்டால் சூடே தெரியாத இறைச்சி. என் தங்கையின் மகன் இன்னும் கொஞ்சம் மசித்த உருளைக்கிழங்கு கேட்டான். கூடுதலாக வேண்டுமானால் 12 டாலர் ஆகும் என்றார்கள்.

இவற்றையெல்லாம்கூடக் கூட்டநாளின் குறைகள் என்று விட்டுவிட்டிருப்போம். சைவத் தட்டில் நடந்ததைத்தான் விட முடியவில்லை. பூசணிக்குள் இருந்த ஸ்டஃபிங்கை மாமியார் இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகு, வாடை வேறாக இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பரிமாறிய பெண்ணை அழைத்துக் கேட்டோம். அவர் சமையலறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, ரொட்டித் துண்டுகளைக் கோழி எலும்புச் சாற்றில் ஊறவைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகு தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் கேட்டோம். பச்சை பீன்ஸில் பேக்கன் என்ற பன்றி இறைச்சியின் துருவல் இருந்தது. உருளைக்கிழங்கின் மேல் ஊற்றியிருந்தது வான்கோழி வாட்டும்போது வடிந்த கொழுப்பில் செய்த கிரேவி. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் உருக்கிய மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். தருவதாகச் சொன்ன பழம் இல்லை. பூசணி பை (pie) என்ற இனிப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதில் முட்டை இல்லாமல் இருக்காது. அந்தத் தட்டில் அவர்கள் இருவரும் உண்ணத்தக்கதாக எஞ்சியது கிரான்பெரி சாஸ் மட்டுமே. மாமனார் எதுவும் பேசாமல் எழுந்து கைகழுவப் போனார். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் காத்துவந்த ஒழுக்கத்தை இன்னொருவர் அலட்சியத்தால் கலைப்பதற்கு இழப்பீடு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலாளர் வந்தார். தட்டில் இறைச்சித் துண்டு எதுவும் இல்லையே, அப்படியானால் அது சைவம்தானே என்று கேட்டார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே அப்படி நம்பித்தான் கேட்டார். இதை நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இன்னின்னது இல்லாதிருந்தால்தான் சைவம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. விதி எதுவும் வகுக்கவில்லை. எனவே சைவத் தட்டு உண்டா என்று கேட்பதும், உண்டு என்ற பதிலைப் பெறுவதும் போதாது. ஸ்டஃபிங் எந்தச் சாற்றில் ஊறியது, கிரேவி எதிலிருந்து வந்தது, பீன்ஸில் பேக்கன் உண்டா, பை மாவில் பன்றிக் கொழுப்பு சேர்கிறதா, முட்டை எதெதில் இருக்கிறது என்று பொருள் பொருளாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். சமையலறையில் விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு மறுபடி அழைக்காத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

மாற்றாக இலைக் கலவை (சாலட்) ஒன்றைக் கொடுத்தார்கள். விலை அதே 85 டாலர்தான். ஐந்தரை மணிக்கு, அடுத்த குடும்பம் காத்திருக்கிறது என்று நினைவூட்டினார்கள். குழந்தைகளுக்கான இனிப்பை அட்டைப்பெட்டியில் கட்டித் தந்தார்கள்.

இனி இரசீதுக்கு வருகிறேன். கட்டிய 675 டாலருக்கு மேல் 20 சதவிகிதச் சேவைக் கட்டணமாக 135 டாலர், விடுமுறை நாள் கட்டணம் என்ற பெயரில் 4 சதவிகிதமாக 27 டாலர், இவற்றின்மேல் மாநில விற்பனை வரி 6.625 சதவிகிதம். சேவைக் கட்டணம் பதிவின்போதே சொல்லப்பட்டது. விடுமுறை நாள் கட்டணம் எங்குமே சொல்லப்படவில்லை. இவ்வளவுக்கும் கீழே டிப்ஸ் எழுதுவதற்கு ஒரு வெற்றுக் கோடும், 18, 20, 22 சதவிகிதம் என்ற பரிந்துரைகளும் இருந்தன. சேவைக் கட்டணம் பரிமாறுகிறவர் கைக்குப் போகும் என்று நினைத்துத்தான் பலர் வாய்திறக்காமல் கொடுக்கிறோம். கட்டாயமாக வசூலிக்கப்படும் அத்தகைய தொகை டிப்ஸ் ஆகாது, அது நிறுவனத்தின் வருமானம் என்று வருமான வரித் துறை 2012இலேயே விளக்கம் வெளியிட்டிருக்கிறது. அதில் ஊழியருக்கு எவ்வளவு போகிறது என்பது முதலாளியைப் பொறுத்தது. எங்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்கே அது தெரியவில்லை. அன்று எங்களிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் கையில் தனியாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறைமுகக் கட்டணங்களுக்கு எதிராக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்.டி.சி. கொண்டுவந்த விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டு, இனி உணவகங்களும் அடங்கிவிடும் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். அந்த விதி நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகளுக்கும் குறுகிய காலத் தங்குமிடங்களுக்கும் மட்டுமே பொருந்தும், உணவகங்களுக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டங்களும் சீராக இல்லை. கலிஃபோர்னியா 2024 ஜூலையில் இத்தகைய கட்டணங்களைத் தடைசெய்தபோதுகூட, தெளிவாக எழுதி வைத்தால் போதும் என்று உணவகங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. ஆகவே தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பதிவு செய்கிறவர்கள், வரி உட்பட எல்லாருக்குமாக மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகக் கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குவது நல்லது.

பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, முன்பணம் திரும்பத் தரப்படாது என்ற ஒரே வரி பதிலாக வந்தது. அதற்குள் இணையப் பக்கத்தில் முழு வான்கோழிப் படமும் மறுபரிமாறல் வாக்கியமும் காணாமல் போயிருந்தன. கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால் வங்கியை அணுகினோம். 1974ஆம் ஆண்டின் நியாயமான கடன் கணக்குச் சட்டப்படி, ஒப்புக்கொண்டபடி தரப்படாத பொருளுக்கோ சேவைக்கோ வசூலித்த தொகையைக் கணக்குப் பிழையாக எதிர்க்கலாம்; அந்தத் தொகை இடம்பெற்ற முதல் அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள், வங்கி அதற்கென்று குறிப்பிட்டிருக்கும் முகவரிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். சாப்பாடு சுவையாக இல்லை, ஆறிப்போயிருந்தது என்று எழுதினால் வழக்கு வலுவிழக்கும். எதை வாக்களித்தார்கள், எதைத் தரவில்லை என்று மட்டும் எழுதி, மின்னஞ்சலையும் கைப்பேசிப் படத்தையும் இணைத்தோம். இரண்டு சைவத் தட்டுகளின் 170 டாலரும், சொல்லாமல் வசூலித்த 27 டாலரும் திரும்ப வந்தன. நின்றுகொண்டிருந்த நேரத்துக்கும் காய்ந்த வான்கோழிக்கும் ஒன்றும் வரவில்லை. டெபிட் அட்டையிலோ, ஜெல் (Zelle) போன்ற பணப்பரிமாற்றச் செயலியிலோ கட்டியிருந்தால் இந்தச் சட்டம் நமக்குத் துணை நிற்காது.

உணவகமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கமான பட்டியலிலிருந்து வேண்டியதை வரவழைத்து, சாப்பிட்ட பிறகு பணம் கொடுக்கும் இடமாக இருந்தால், தட்டு தவறானால் திருப்பி அனுப்பலாம், வேண்டாமென்றால் எழுந்து வரலாம். முழுத் தொகையும் முன்பே போய்விட்ட இடத்தில் அந்தப் பிடி நம் கையில் இல்லை. அவர்களுக்கும் நம்மைத் திருப்திப்படுத்த வேண்டிய தேவை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டம் மறுமுறை வராவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை.

செலவைப் பொறுத்தவரை, விவசாயிகள் அமைப்பான அமெரிக்கன் ஃபார்ம் பியூரோ ஃபெடரேஷன் 1986 முதல் எடுத்துவரும் கணக்கில், 2024இல் பத்துப் பேருக்கான வீட்டு விருந்துப் பொருள்களின் விலை 58 டாலர் 8 சென்ட். அதில் 16 பவுண்டு வான்கோழிக்கு மட்டும் 25 டாலர் 67 சென்ட். சமைப்பவரின் உழைப்பு அதில் சேரவில்லை, நம் வீட்டுச் சைவச் சமையலும் சேரவில்லை. இரண்டு மடங்கானாலும் நாங்கள் கொடுத்ததில் ஏழில் ஒரு பங்குக்குள் அடங்கும்.

இந்த ஆண்டு முழுப் பறவையை விட்டுவிட்டு, எலும்போடு கூடிய நெஞ்சுப்பகுதியை மட்டும் வாங்குவதாக இருக்கிறோம். ஆறேழு பவுண்டு என்பதால் ஓவன் விரைவில் காலியாகிவிடும். பெரியவர்களுக்கு வேண்டியதை அதற்கு முன்பே காலையில் சமைத்துவிடலாம். பல்பொருள் அங்காடிகள் விற்கும் முழு விருந்துப் பெட்டியை நாடுகிறவர்கள், அது பெரும்பாலும் குளிர்ந்த நிலையில்தான் கைக்கு வரும் என்பதையும், வீட்டில் மறுபடி சூடாக்கச் சில மணி நேரம் ஆகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்; சைவம் பற்றிய கேள்விகள் அந்தப் பெட்டிக்கும் பொருந்தும். கடைசி நேரத்தில் உணவகத்தைக் கைவிட்டு வீட்டுச் சமையலுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒன்று: வியாழனன்று காஸ்ட்கோ, வால்மார்ட், டார்கெட் மூன்றும் மூடியிருக்கும், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மேய்ன் மாநிலங்களில் பெரிய மளிகை அங்காடிகளைத் திறக்கச் சட்டமே இடம் தருவதில்லை. வேண்டியவற்றைப் புதன்கிழமை மாலைக்குள் வாங்கி முடித்துவிடுங்கள்.