வாடகைப் பணம் யார் கணக்கில் இருக்கிறது? சென்னைப் பயணத்தில் பார்த்தது

சென்னை வேளச்சேரியில் உள்ள என் வீட்டில் குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸ் எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது? சென்னையில் இறங்கியதும் வீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குப் போய் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். வரவேற்பு நன்றாக இருந்தது. காபி வந்தது. கணினியைத் திறந்து வீட்டின் புகைப்படங்கள், குழாய் மாற்றிய தேதி, பெயின்ட் அடித்த விவரம் எல்லாம் காட்டினார்கள். அட்வான்ஸ் பற்றிக் கேட்டதும், இதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்த இளைஞர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் சிரித்தபடி, "எல்லாம் நம்ம கம்பெனி கரன்ட் அக்கவுன்ட்ல பத்திரமா இருக்கு சார்" என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஏன் உறுத்தியது என்று சொல்ல, என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனில் வீடுகளை வாடகைக்கு விட்டு நிர்வகிக்கும் அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க நான் பார்ப்பது அடுத்தவர் பணம். வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய வாடகை, குடியிருப்பவர் கட்டிய முன்பணம், ரிப்பேருக்கென்று பிடித்து வைத்த தொகை எல்லாம் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். அலுவலக வாடகையோ எங்கள் சம்பளமோ அந்தக் கணக்கிலிருந்து போகாது. எங்கள் கமிஷனைக்கூட, ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக வைக்கும் கணக்கேடான பேரேட்டில் எழுதிய பிறகுதான் வெளியே எடுக்க முடியும்.

மாதாமாதம் மூன்று தொகைகளை ஒத்துப் பார்ப்போம். வங்கியில் இருக்கும் இருப்பு, எங்கள் வரவு செலவுப் புத்தகம் காட்டும் இருப்பு, ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள பேரேட்டு நிலுவைகளின் கூட்டுத்தொகை. மூன்றும் ஒன்றாக வர வேண்டும். மொத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு வீட்டுக்காரரின் பேரேடு மைனஸில் போயிருந்தால், இன்னொருவர் பணத்தை எடுத்து இவருக்குச் செலவு செய்திருக்கிறோம் என்று பொருள். அன்றே சரி செய்தாக வேண்டும். பணம் திருடு போவதற்கு வெகு முன்பே ஆபத்து இப்படித்தான் தலைகாட்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்குவதில்லை. ஒருவரின் கொதிகலன் பழுதானபோது அவர் கணக்கில் பணம் இல்லை, பொதுக் கணக்கில் இருந்தது, எடுத்தார்கள். பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் இதற்கெல்லாம் சட்டம் வந்து வெகுகாலம் ஆகவில்லை. வாடகை வீட்டு முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும் என்பது 2007 ஏப்ரலில் வந்தது. இப்போது 30 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் முன்பணத்தைப் போல ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை குடியிருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஏஜென்ட் கையில் இருக்கும் வாடகைப் பணத்துக்கான கட்டாயப் பாதுகாப்பு 2019 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் வந்தது. ஏஜென்ட் திவாலானாலும் பணத்தோடு ஓடினாலும் நட்டப்பட்டவருக்கு அந்தத் திட்டம் ஈடு கொடுக்கும். திட்டத்தில் சேராமல் தொழில் நடத்தினால் 30,000 பவுண்டு வரை அபராதம். சேர்ந்ததற்கான சான்றிதழை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும், இணையதளத்திலும் போட வேண்டும். அதற்கு முன் இதெல்லாம் விரும்பியவர் சேரலாம் என்ற அளவில்தான் இருந்தது. இன்றைக்கும் ஓட்டைகள் உண்டு. அடுக்குமாடி வீட்டுச் சொந்தக்காரர்களிடம் வசூலிக்கும் பராமரிப்புப் பணத்தை, அவர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கும் பணமாக வைத்திருக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பணத்தை மட்டும் கையாளும் நிர்வாகிகள் ஈட்டுத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அங்கே எல்லாம் ஒழுங்கு, இங்கே எல்லாம் குழப்பம் என்று சொல்ல நான் வரவில்லை.

சென்னைக்குத் திரும்புகிறேன். வாடகை மாதம் 26,000 ரூபாய். அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 1,30,000. வாடகை ஒவ்வொரு மாதமும் நிறுவனத்தின் கரன்ட் அக்கவுன்ட்டுக்குப் போய், அவர்கள் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்தது போக, மீதி என் என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் ரூபாய்க் கணக்குக்கு வரும். ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆனாலும் வந்துகொண்டுதான் இருந்தது. வேலைகளையும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். கீசர் மாற்றியது, கொசுவலை போட்டது, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தது என்று வீட்டில் எதிலும் குறை சொல்ல முடியாது. சொத்து வரியை அரையாண்டு தொடங்கியவுடன் கட்டி, சீக்கிரம் கட்டுவோருக்கு மாநகராட்சி தரும் 5 சதவீதச் சலுகையைக்கூட வாங்கியிருந்தார்கள். அந்த அக்கறைக்கு நன்றி சொன்னேன்.

ஆனால் அந்தக் கரன்ட் அக்கவுன்ட்டில்தான் ஊழியர் சம்பளம், அலுவலக வாடகை, வண்டித் தவணை, வேறு எத்தனையோ வீடுகளின் வாடகை, அத்தனை பேரின் அட்வான்ஸ் எல்லாம் கலந்து கிடக்கிறது. என் வீட்டுக்கான பேரேட்டைக் கேட்டேன். ஒரு எக்செல் தாள் வந்தது. அதில் என் வீட்டு வரவு செலவு இருந்தது, அட்வான்ஸ் என்ற வரியே இல்லை. "அது தனியா ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கும் சார், எடுத்து அனுப்பறோம்" என்றார் மேலாளர்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. என் கவலை வேறு. அந்த நிறுவனம் வாங்கிய கடனுக்காக வங்கி அந்தக் கணக்கை முடக்கினால், வரி பாக்கிக்காக ஜி.எஸ்.டி. துறை கணக்கைப் பிடித்து வைத்தால், பங்குதாரர்களுக்குள் சண்டை வந்து ஒருவர் வங்கிக்குக் கடிதம் கொடுத்தால், அதில் 1,30,000 ரூபாய் வேளச்சேரியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் பணம் என்று எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது? கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். இருவரும் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறார்கள், சின்னக் குழந்தை ஒன்று. முன்பிருந்த வீட்டில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். காலி செய்தபோது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை பிடித்தார்கள். மீதியை, "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்று வீட்டுக்காரர் இழுத்தடித்தாராம். "அண்ணே, அந்தக் காச வச்சுத்தான் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்னு இருந்தோம். கடைசில எங்கம்மா வளையல வச்சுத்தான் குடுத்தோம்" என்றார் அந்தப் பெண். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாத நிலையில் அவர் முன் உட்கார்ந்திருந்தது மிகவும் சங்கடமாக இருந்தது. பத்து மாத அட்வான்ஸ் சென்னையில் காலங்காலமாக ஊறிய வழக்கம். வீட்டுக்காரர் அதை வாங்கி வீட்டுக்கடனிலோ மகள் திருமணத்திலோ போட்டுவிடுவார், திருப்பிக் கொடுக்க அடுத்த குடித்தனக்காரரின் பணத்துக்குக் காத்திருப்பார். அட்வான்ஸ் குடியிருப்பவருடைய பணம் என்ற எண்ணமே அதில் மறைந்துவிடுகிறது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும். சொத்து நிர்வாகியைப் பற்றியும் அது பேசுகிறது. அவர் ரசீது கொடுத்து வாடகை வாங்க வேண்டும், உரிமையாளர் சார்பில் ரிப்பேர் பார்க்க வேண்டும், வீட்டை அவ்வப்போது பார்வையிட வேண்டும். கடமை தவறினால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வை என்று நிர்வாகிக்குச் சொல்லும் வரி அதில் இல்லை.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், கட்டுநர்களுக்கு அந்த வரி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். ஒருவர் பணம் இன்னொருவர் கட்டடத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக வந்த விதி. வீட்டைக் கட்டும்போது இருக்கும் அந்தப் பாதுகாப்பு, கட்டி முடித்து வாடகைக்கு விட்டதும் போய்விடுகிறது. அந்தச் சட்டம் விற்பனைக்கானது, வாடகை நிர்வாகிகள் அதன் கீழ் வருவதில்லை.

மிஞ்சியிருப்பது மிகப் பழைய சட்டம் ஒன்று, அதுவும் நல்ல சட்டம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவுப்படி, முதலாளி, அதாவது வேலையை ஒப்படைத்தவர், கேட்டால் முகவர் சரியான கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். 218-ஆம் பிரிவுப்படி, முதலாளிக்காக வாங்கிய பணத்தை, தனக்கு வர வேண்டியது போக, அவரிடம் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தில் இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டேன். கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. அட்வான்ஸ் முழுவதையும் என் என்.ஆர்.ஓ. கணக்குக்கு அனுப்பவும், இனி வாடகையை என் கணக்குக்கு நேராகக் கட்டச் சொல்லவும் கேட்டேன். பணம் வந்தது. ஆனால் ஒரே நாளில் வரவில்லை, பிரித்துப் பிரித்து வந்தது. கையில் பத்திரமாக இருக்கும் பணம் பிரிந்து வராது.

இதற்கிடையில் நங்கநல்லூரில் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எழுபதை நெருங்கியவர். வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார். பெரிய அலுவலகம் இல்லை, வீட்டு முன்னறையில் ஒரு மேசை. வீட்டுக்கு ஒரு கோப்பு. வாடகையும் அட்வான்ஸும் குடியிருப்பவரிடமிருந்து நேராக உரிமையாளர் கணக்குக்குப் போகும். இவர் கணக்கு வழியாகப் போவதில்லை. ரிப்பேருக்கென்று ஒவ்வொரு உரிமையாளரிடமும் 10,000 ரூபாய் மட்டும் வாங்கி, அதற்கென்றே திறந்த தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்திருக்கிறார். செலவானால் பில்லை அனுப்பி, செலவான அளவுக்கு மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வார். பில் இல்லாத செலவு அவர் கோப்பில் இல்லை. பிளம்பரிடம் பில் புத்தகம் இல்லையென்றால், வெள்ளைத் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, மாற்றிய பொருளின் படத்தோடு வைத்துவிடுகிறார்.

"நீங்க ஏன் சார் வாடகைய உங்க கணக்குல வாங்கறதில்ல? கட்டணத்தப் பிடிச்சுக்க சுலபமா இருக்குமே?" என்று கேட்டேன்.

"சுலபந்தான் தம்பி. நாளைக்கு நான் கண்ண மூடிட்டா என்ன ஆகும்? என் பசங்க பேங்க் கேக்கற பேப்பரெல்லாம் குடுத்துத்தான் அந்தக் கணக்கத் தொட முடியும். அதுவரைக்கும் உங்க பணமும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

நாற்பது ஆண்டு வங்கியில் இருந்தவர் பேச்சு அது. லண்டனில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வீட்டை அவரிடம் ஒப்படைத்தேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பராமரிப்புப் பணமும், பெரிய செலவுகளுக்கென்று சேர்த்து வைக்கும் கார்ப்பஸ் நிதியும் சங்கத்தின் பெயரில் தனித்தனிக் கணக்கில் இருக்கின்றன. கார்ப்பஸ் முழுவதும் வைப்புநிதியில். காசோலையில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மாத வரவு செலவு லிஃப்ட் பக்கத்திலுள்ள பலகையில் ஒட்டியிருந்தது. ஜெனரேட்டர் டீசல் எத்தனை லிட்டர், லாரித் தண்ணீர் எத்தனை லோடு என்பது வரை. சம்பளம் வாங்காத பெரியவர்கள் இதைச் செய்யும்போது, கட்டணம் வாங்கும் நிறுவனத்தால் முடியாதா?

வெளிநாட்டில் இருந்து வீட்டை ஒருவரிடம் விடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பவர் பத்திரம் எழுதினால் நிர்வாகத்துக்கு மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரம், அடமானம் வைக்கும் அதிகாரம், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு நடத்தும் அதிகாரம் எதுவும் அதில் வேண்டாம். தூதரகத்தில் சான்று பெற்ற பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது வரி. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகையில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருடையது. வாடகை நிறுவனத்தின் கணக்குக்குப் போகும்போது இது யாருக்குமே தெரியாமல் போகிறது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அந்த இளம் தம்பதியருக்குத்தான் வரும். வரி பிடித்துக் கட்டுவோருக்கான டான் எண்ணை அவர்களுக்கு வாங்கவும், குறைந்த விகிதத்தில் பிடிக்க எனக்குச் சான்றிதழ் வாங்கவும் ஒரு ஆடிட்டரை அமர்த்தியிருக்கிறேன். இரண்டு வேலைக்கும் ஆகும் கட்டணம் என் பொறுப்பு.

அட்வான்ஸ் இப்போது என் என்.ஆர்.ஓ. கணக்கில் தனி வைப்புநிதியாக இருக்கிறது. ரசீதின் நகலை அந்தத் தம்பதியரிடம் கொடுத்தேன். அடுத்த ஒப்பந்தத்தில் அட்வான்ஸை மூன்று மாத வாடகையாகக் குறைத்து, 52,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதிக்கொண்டோம். வளையலை மீட்க அது போதுமா என்று கேட்டேன். கொஞ்சம் குறையும், போனஸ் வந்ததும் மீட்டுவிடுவோம் என்றார்கள். ஒப்பந்தம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம் என்று, கிளம்புவதற்கு முன்பே அந்தத் தொகையை அவர்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.