முதல் விமானம் எது? மலிவான நான்கு வகை ரிமோட் விமானங்கள்: ஓர் ஒப்பீடு

ரிமோட் கண்ட்ரோல் விமானம் பழக விரும்புபவர் முதலில் விலையைப் பார்ப்பது இயல்பே. ஆனால் முதல் மாதத்தில் அது எத்தனை முறை தரையில் மோதும், மோதிய பிறகு எவ்வளவு விரைவில் மீண்டும் பறக்கும் என்பவையே உண்மையான செலவைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கின்படி, தொடக்கநிலையாளரின் கைக்கு எட்டும் நான்கு வகைகளை இங்கே ஒப்பிடுகிறேன்: இரண்டு சேனல் (ரிமோட்டால் தனித்தனியே இயக்கக்கூடிய கட்டுப்பாடுகள்) பொம்மை விமானம், கைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் மின்னணுக் கருவி) பொருத்திய அரை மீட்டர் இறக்கை விமானம், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட இறக்கையும் பின்பக்கப் புரொப்பெல்லரும் கொண்ட ஃபோம் விமானம், ஃபோம் போர்டில் நாமே வெட்டி ஒட்டும் விமானம்.

இரண்டு சேனல் விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகம் எதுவும் இருக்காது. இடது வலது மோட்டார்களில் ஒன்றின் வேகம் கூடினால் விமானம் திரும்பும். இரண்டும் கூடினால் ஏறும். மூக்கைத் தாழ்த்தவோ உயர்த்தவோ, வாலில் மேலும் கீழும் அசையும் தகடான எலிவேட்டர் கிடையாது. ஆகவே எதிர்க்காற்று வீசியதும் விமானம் மேலே தூக்கப்பட்டு, வேகம் இழந்து, பின் குப்புறச் சரியும்போது ஓட்டுபவர் வெறும் பார்வையாளராகி விடுகிறார். விலை மிகக் குறைவுதான். ஆனால் இதில் பழகிய கைக்கு அடுத்த விமானத்தில் பயன்படும் பாடம் ஏறத்தாழ எதுவும் இல்லை. சிறுவர்களின் விளையாட்டுக்கு இது போதும். பறக்கக் கற்பதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கவனமாக ஒப்பிட வேண்டியவை அடுத்த இரண்டும்தான். வோலண்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500 போன்ற சிறு விமானங்களில் திராட்டில் (மோட்டாரின் வேகம்), எலிவேட்டர், ரடர் (வாலில் இடம் வலமாகத் திருப்பும் தகடு), எய்லரான் (இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் தகடு) ஆகிய நான்கு சேனல்களும் உண்டு. அவற்றோடு கைரோவும் உண்டு. தொடக்கநிலை முறையில் கைரோ விமானம் சாயும் கோணத்தை ஓர் அளவுக்குள் நிறுத்தி, ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டவுடன் இறக்கைகளைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடும். பதற்றத்தில் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு, கையை எடுத்துவிடுவதே மருந்தாகிறது. மோதலிலும் இந்த அளவு விமானத்திற்கே சாதகம் அதிகம். 60 கிராம் எடை வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.5 ஜூல், பெரிய ஃபோம் விமானத்தின் 700 கிராம் எடை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மோதினால் அது 35 ஜூல். முன்னது புல்லில் விழுந்து உருண்டு மீண்டும் கிளம்பும். பின்னது மூக்கை நசுக்கிக்கொள்ளும், யார் மீதாவது விழுந்தால் காயமும் ஏற்படுத்தும்.

ஆயினும் கைரோவுக்குக் காற்றின் திசை தெரியாது, உயரமும் தெரியாது. திராட்டிலைக் குறைத்துவிட்டு எலிவேட்டரை இழுத்துப் பிடிப்பவரை வேக இழப்பிலிருந்து அது காப்பாற்றாது. காற்றின் வேகம் விமானத்தின் வேகத்தை நெருங்கும்போது, எதிர்காற்றில் அது ஒரே இடத்தில் நின்றுவிடும். திரும்பினாலோ கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அடித்துச் செல்லப்படும். என் முதல் சிறு விமானத்தை இப்படித்தான் இழந்தேன், கடைசி வரை அதன் இறக்கைகள் மட்டும் ஒழுங்காகச் சமநிலையில்தான் இருந்தன. அரை மீட்டர் இறக்கை நூறு மீட்டர் தொலைவில் ஒரு புள்ளியாகிவிடும். அது வருகிறதா போகிறதா என்றே சொல்ல முடியாது.

பெரிய ஃபோம் விமானத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. மல்டிபிளெக்ஸ் ஈஸி ஸ்டார், பிக்ஸ்லர் போன்றவற்றின் வடிவம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: இறக்கை உடலின் மேற்பகுதியிலும், மோட்டார் இறக்கைக்குப் பின்னாலும் இருப்பதால், மூக்கு மண்ணில் குத்தினாலும் புரொப்பெல்லரும் மோட்டாரும் தப்பிவிடும். மூன்று சேனல் வடிவில் எய்லரான் இருக்காது. ரடரைத் திருப்பினால் விமானம் பக்கவாட்டில் திரும்பும். முனைகள் மேல்நோக்கி வளைந்த இறக்கை அப்போது தானாகவே சாய்ந்து வளைவை முடிக்கும். ஸ்டிக்கை விட்டால் மெல்லச் சமநிலைக்கு வரும். கைரோ மின்னணுவால் செய்வதை இங்கே வடிவமே செய்கிறது, அதுவும் அவசரப்படாமல். அந்த நிதானத்தில்தான் கற்பவருக்குத் தன் தவறு புரிகிறது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தோன்றும் குழப்பம் எல்லோருக்கும் வரும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும் என்ற விதியைக் கைக்குப் பழக்க, மெதுவாகப் பதிலளிக்கும் பெரிய விமானமே ஏற்றது. ஆனால் இதற்கு ஒரு கால்பந்துத் திடலாவது வேண்டும். ஆட்கள் இல்லாத திடலாகவும் இருக்க வேண்டும். 250 கிராமைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருப்பதால், வாங்குமுன் தத்தம் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எதனால் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். சாதாரண தெர்மாக்கோல் வகை உடைந்தால் துண்டாகிவிடும். வழக்கமான சூப்பர் க்ளூ அதைக் கரைத்தும்விடும். இ.பி.ஓ. என்ற வகை ஃபோம் அதே பசையால் நன்றாக ஒட்டும். நசுங்கிய மூக்கை வெந்நீரில் பிடித்தால் ஓரளவு பழைய உருவத்துக்குத் திரும்பும். இ.பி.பி. என்ற வகை ஃபோம் ரப்பர் போல வளைந்து கொடுப்பதால் உடைவதே அரிது.

நான்காவது வழி பொறுமை உள்ளவர்களுக்கானது. ஃபோம் போர்டு, கத்தி, ஹாட் க்ளூ, ஒரு மாலைப்பொழுது, இவை இருந்தால் உடல் தயார். டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்), ரிசீவர், மோட்டார், சர்வோ (தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்) ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டியிருப்பதால் முதல் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் விமானம் நொறுங்கினால் அவற்றைக் கழற்றிப் புதிய உடலில் பொருத்திவிடலாம். ஆயத்தப் பெட்டியில் வரும் டிரான்ஸ்மிட்டர்களில் பல அந்த விமானத்தோடு மட்டுமே பேசும். ஃப்ளைட் டெஸ்ட் என்ற மாதிரி விமானக் குழு வெளியிட்டுள்ள டைனி டிரெய்னர் வரைபடத்தில் மூன்று சேனலுக்கு வளைந்த இறக்கை ஒன்றும், நான்கு சேனலுக்கு எய்லரான் கொண்ட இறக்கை ஒன்றும் இருப்பதால் ஒரே உடலில் இரண்டு படிகளையும் கற்கலாம். கட்டுபவர் தவறாமல் சோதிக்க வேண்டியது எடைமையம்: பொதுவாக அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, பின்விளிம்பு வரையிலான அகலத்தின் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான தொலைவில் அமைய வேண்டும். வால் கனத்த விமானத்தைத் தேர்ந்தவராலும் ஓட்டுவது கடினம்.

பெரிய திடல் கிடைப்பவருக்கு மூன்று சேனல் ஃபோம் விமானமே என் முதல் தேர்வு. சிறிய மைதானம் மட்டுமே கிடைப்பவர் கைரோ விமானத்தை வாங்கி, காற்று அடங்கிய அதிகாலையில் மட்டும் பறக்கவிட்டு, சில வாரங்களில் தொடக்கநிலை முறையிலிருந்து கைரோவின் உதவி குறைந்த அடுத்த முறைக்கு மாறிவிட வேண்டும். எதை வாங்கினாலும் கூடுதலாக இரண்டு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் தேவைப்படும். முழுதாக ஏற்றினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், பல நாள் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் எடுத்து வைக்க வேண்டும்.